தோடு காணப் போனது

9 பிப்ரவரி 2006, வியாழன்

எழுந்ததும் முதல் வேலை, சக்கர நாற்காலிக்கு எண்ணெய். பிரஸ்ஸிலிருந்து சின்னக் குப்பியில் கொண்டுவந்த மிஷின் எண்ணெய். வலது சக்கரம் ஒரு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இப்போது சத்தம் இல்லை. வெளியே பனி. தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன்களின் ஹாரன், ஓடுகிற செருப்புச் சத்தம், யாரோ யாரையோ "ஏலே, தூக்குவாளிய விட்டுட்டுப் போறயே" என்று கத்துவது.

பிறகு வழக்கமான காத்திருப்பு. வாசலில் ஐந்து படி. அண்ணன் டீ குடித்து, பேப்பர் பார்த்து, சட்டை மாட்டி வரும்வரை படியின் மேல் நான். நாற்காலியை முன்னால் அவர் பிடிக்க, பின்னால் ஆட்டோக்காரர். அம்மா இருந்தவரை பின்பக்கம் அம்மா. இன்று மூன்றாவது படியில் அண்ணன் நின்றுவிட்டார். இடுப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைக்கட்டும்.

மாலை விஷயம் வெளியே வந்தது. அண்ணன் பிரஸ் முதலாளியைப் பார்த்துப் பேசிவிட்டாராம். அடுத்த மாதத்திலிருந்து புரூப் வீட்டுக்கே வரும். காலையில் ஆள் கொண்டுவந்து போடுவான், சாயங்காலம் திருத்தினதை எடுத்துப் போவான். சம்பளம் அப்படியே.

"ஒனக்கு ஒரு அலைச்சலும் இல்ல பாரு தாயி. ஃபேனைப் போட்டுட்டு ஒக்காந்து பாக்கலாம்."

"மொதலாளி அண்ணாச்சி சம்மதிச்சுட்டாகளா?"

"ஒடனே சரின்னுட்டாக. தங்கமான மனுசன்."

எல்லோரும் தங்கமானவர்கள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? மதினி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே என்னை ஒரு தடவை பார்த்தாள். 

வீட்டிலிருந்து பிரஸ் வரை, பிரஸ்ஸிலிருந்து வீடு வரை. திருத்தங்கல் ரோட்டில் அந்த ஆட்டோச் சவாரி. கட்டிங் மிஷின் சத்தம், மை வாடை, தினக் காலண்டர் தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எரிகிற கண். இவ்வளவுதான் என் வெளியூர். இதுவும் போகிறது.

அதே மூச்சில் இன்னொரு செய்தி. அண்ணன் போர்மேனாக இருக்கிற விஸ்வநத்தம் கம்பெனியில் நாலைந்து குடும்பம் சேர்ந்து டூர். நாளை சாயங்காலம் கிளம்பி, ஞாயிறு ராத்திரி திரும்புவது. ஆலப்புழை.

ஆலப்புழை என்றதும் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தேன். சும்மா வைத்த மாதிரி வைத்தேன்.

10 பிப்., வெள்ளி

எடுத்து வைத்தவை: இரண்டு சேலை, துண்டு, பிளாஸ்க், தலைவலி மாத்திரை, பழைய பெட்ஷீட் (நாற்காலியில் போட), பேனா, இந்த நோட்டு. எண்ணெய்க் குப்பியும்.

அந்தப் படத்தை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். வேண்டாம். மனப்பாடம்.

எழுதி வைக்கிறேன், எனக்காக. எங்கள் பிரஸ்ஸில் 1998க்கு அடித்த மாதக் காலண்டர். தேதிகள் எல்லாம் கிழிந்து போய், மேலே இருக்கிற படம் மட்டும் என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். ஆலப்புழைக் கால்வாய். நடுவில் பச்சைத் தண்ணீர், நேராகக் கடலை நோக்கிப் போகிறது. தூரத்தில் விரல் நக அளவுக்குக் கலங்கரை விளக்கம். இடது கரையில் தூங்குமூஞ்சி மரங்கள். வலது கரையில் ஓட்டுக் கூரை போட்ட பழைய கயிற்றுக் கிட்டங்கி, சரக்கு அடைத்து வைக்கிற கட்டிடம்; அதன் வாசலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கல் சரிவு. படி இல்லை, சரிவு. நடுவே வள்ளத்தில் ஒரு ஆள், சட்டைப் பை வலது பக்கம். தையல்காரர் செய்த தப்பு போல என்று அந்தப் பையைப் பார்த்துப் பலநாள் சிரித்திருக்கிறேன்.

எட்டு வருடமாகத் தூங்கும் முன் அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறேன். யாரும் தூக்காமல். நானே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து, தண்ணீர் வரைக்கும். காலனித் தெருவைத் தாண்டத் தெரியாதவள், கனவில் கேரளா போய்த் திரும்புகிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான ஆசையா இது?

ஆறு மணிக்கு வேன். என்னை ஏற்றும்போது டிரைவரும் அண்ணனும். பக்கத்துத் தெரு சீனியம்மாளக்கா முறுக்குத் தூக்கோடு ஏறினார்.

"புஷ்பம் வாறாளா? அப்ப நல்லதாப் போச்சு. பையப் பத்திக் கவலையில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். உண்மைதானே. திருச்செந்தூர்: வேனுக்குள் கடல் சத்தம். குற்றாலம்: மடி நிறைய ஈரத் துண்டு. கன்னியாகுமரி: இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கடல், பஸ் நகர்ந்ததும் அதுவும் இல்லை. எங்கே போனாலும் நான் செருப்புக்கும் பைக்கும் காவல். "அஞ்சே நிமிசம், பாத்துட்டு ஓடியாந்துருதோம்." அவர்களும் பாவம், ஓடித்தான் வருவார்கள். வந்து, எப்படி இருந்தது என்று சொல்வார்கள். நான் ரொம்ப இடத்தைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ராஜபாளையம் தாண்டி எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. முன்சீட்டில் பாட்டு. செங்கோட்டைக்கு அப்புறம் குளிரும் என்று டிரைவர் சொல்கிறார்.

11 பிப்., சனி

கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். கை வலிக்கிறது. வேறு காரணத்தால்.

விடிந்தபோது ஆலப்புழை. புழுக்கம். பிப்ரவரியில் இப்படி ஒரு வேர்வை. லாட்ஜிலும் வாசலில் படி. பின்னால் டிரைவர் பிடிக்க, அண்ணன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாற்காலியைத் தூக்கினார்.

பத்து மணி வாக்கில் படகுத் துறை. பெரிய படகில் மதியம் வரைக்கும் சவாரி, சாப்பாடும் அதிலேயே. படகுக்கு ஏற ஒரு குறுகல் பலகை. அண்ணன் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தூக்கிருவோம். டிரைவரக் கூப்புடுதேன்."

"வேண்டாண்ணே. நீங்க போயிட்டு வாங்க. தலைய வலிக்கி."

"ஒன்ன விட்டுட்டு எப்படி?"

"எப்பவும் போலதான்."

சுருக்கென்று சொல்லிவிட்டேனோ. அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மதினி அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். படகு கிளம்பிற்று. சீனியம்மாளக்கா கை ஆட்டினார்.

நாற்காலியை இறக்கித் தரச் சொன்னேன், காற்று வாங்க. டிரைவர் இறக்கி மர நிழலில் விட்டார். "அக்கா, நா ஒரு டீ அடிச்சுட்டு வந்துருதேன்."

"டீயக் குடிச்சுட்டு வேனுக்குள்ள படுங்க தம்பி. இன்னைக்குப் பைக்கு நீங்க காவல்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் நகர ஆரம்பித்திருந்தேன்.

கடல் எந்தப் பக்கம் என்று ஒரு டீக்கடையில் கேட்டேன். கை காட்டினார்கள். படத்தில் கிட்டங்கியும் சரிவும் வலது கரை. அதனால் வலது கரை ரோட்டைப் பிடித்தேன். இடது கைப் பக்கம் கால்வாய். தட்டையான ஊர், ஒரு மேடு இல்லை. சக்கரம் சத்தமில்லாமல் உருள்கிறது. பின்னால் யாரும் இல்லை. இதை எப்படி எழுதுவது. முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற ஆள் இல்லாமல் ஒரு ரோட்டில் போவது. முதுகு லேசாகக் குளிர்ந்தது, முக்காட்டை எடுத்த மாதிரி.

தண்ணீர் படத்தில் இருக்கிற பச்சை இல்லை. பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை, இடையிடையே பிளாஸ்டிக் பை. ஆனால் மரங்கள் அதே மரங்கள். பழைய ஓட்டுக் கட்டிடங்கள், பெரிய பெரிய மரக் கதவுகள், சிலதில் பூட்டு துருப்பிடித்து. ஒன்றில் கயிற்றுக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நார் வாடை. கயிறும் கடல் வாணிபமுமாகக் கொழித்த ஊராம் ஒரு காலத்தில். எனக்குச் சுவர்கள்தான் பிடித்தன. யாரும் வெள்ளையடிக்காத சுவர்கள்.

பக்கத்தில் ஒரு மணி அடித்தது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. முன்னால் லாட்டரிச் சீட்டுகள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. ஓட்டுகிற ஆளுக்கு என் வயது இருக்கும், கால் இரண்டும் என் கால் மாதிரி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சேச்சி தோடு காணான் வந்நதாணோ?"

தோடு காணோம் என்றுதான் என் காதில் விழுந்தது. இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டது. அம்மாவின் கல் தோடு. இரண்டும் இருக்கிறது.

"இருக்கே. ரெண்டும் இருக்கு."

அவர் விழித்தார். என் காதைப் பார்த்தார். பிறகு வண்டியே ஆடும்படி சிரித்தார். "அய்யோ, ஆ தோடு அல்ல சேச்சி. ஈ தோடு." தண்ணீரைக் காட்டினார். இந்த ஊரில் கால்வாய்க்குத் தோடு என்று பேர். காணான் என்றால் காண. தோடு காண வந்தாயா என்றுதான் கேட்டிருக்கிறார். காதைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நானும் சிரித்தேன். எத்தனை நாள் ஆயிற்று அப்படிச் சிரித்து.

பேர் பாபு. தமிழ் கொஞ்சம் வரும், எல்லாம் சினிமாத் தமிழ். சிவகாசிப் பக்கம் என்றதும், "ஓ, படக்கம்" என்று கையால் வெடித்துக் காட்டினார். "ஒரு டிக்கெட் எடுக்கணும் சேச்சி. சிவகாசிக்காரி வந்நு, டிக்கெட் எடுக்காதே போகயோ?"

"எங்க ஊருல லாட்டரிக்குத் தடை."

"அதினால்தான் எல்லாரும் படக்கம் பொட்டிக்குந்நு."

படத்தைப் பற்றிச் சொன்னேன். கிட்டங்கி, சரிவு, கலங்கரை விளக்கம். உடனே தெரிந்துகொண்டார். "அது அக்கரெயா."

"இல்லைங்க. இந்தக் கரைதான். எட்டு வருசமாப் பாக்கேன்."

"ஞான் ஜனிச்சது இவிடெயா." பிறந்ததே இங்கேதான் என்கிறார்.

"நான் அதைப் பாத்துக்கிட்டேதான் தெனமும் தூங்குதேன்."

இரண்டு பேரும் விடவில்லை. வா, காட்டுகிறேன் என்று முன்னால் போனார். நான் பின்னால். ரோட்டில் போகிறவர்கள் எங்களை ஒரு ஊர்வலம் மாதிரிப் பார்த்தார்கள்.

ஒரு நடைபாலம் வந்தது. அதன் பக்கத்தில் நிறுத்தி, எதிரே கை நீட்டினார். அக்கரையில், ஓட்டுக் கூரை, பெரிய மரக் கதவு, வாசலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கல் சரிவு. தூரத்தில் வெள்ளையும் சிவப்புமாக விளக்குக் கோபுரம். எல்லாம் இருக்கிறது. எல்லாம் இடம் மாறி இருக்கிறது. மரங்கள் நான் நிற்கிற கரையில், என் தலைக்கு மேல்.

கிட்டங்கியைப் பார்த்தேன், மரங்களைப் பார்த்தேன். பிறகு வள்ளத்து ஆளின் சட்டைப் பை ஞாபகம் வந்தது.

படத்தைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறோம். பிலிமை முன்பக்கம் பின்பக்கம் மாற்றி ஒட்டிவிட்டால், கண்ணாடியில் தெரிவது மாதிரி இடது வலதாகி அச்சாகும். படத்தில் ஒரு எழுத்து இருந்தாலும் கண்டுபிடித்திருப்போம். மரத்துக்கும் தண்ணீருக்கும் இடது வலது ஏது? தையல்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. எட்டு வருடமாக நான் போய் வந்த கரை, இல்லாத கரை.

பாபுவுக்கு விளங்க வைக்க நேரம் பிடித்தது. விளங்கியதும், ஜெயித்த சந்தோஷத்தில் மணியை இரண்டு தடவை அடித்தார்.

நடைபாலத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கமும் படி, அந்தப் பக்கமும் படி. "படியா சேச்சி. நமுக்குப் பற்றில்லா." நம்மால் முடியாது என்கிறார். அங்கேயும் படிக்குப் பேர் படிதான். அப்பா சின்ன வயதில் என்னிடம் ஓயாமல் சொன்ன வார்த்தை அது. படி, படி. படித்தேன். பி.ஏ. வரை, தபாலில். மற்ற படிதான் ஒன்றும் ஆகவில்லை.

சரிவு எதிரே தெரிகிறது. பேச்சுக் குரல் கேட்கிற தூரம். போக முடியாது. அப்போது வந்த ஏக்கத்துக்கு ஒரு அளவு இல்லை. படத்தில் இருந்தபோது கூட அது இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

வழி இருக்கிறது என்றார் பாபு. மேலே போனால் வண்டிப் பாலம். போனோம். நடுவில் கேபிளுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தது, அவருக்கே தெரியவில்லை. நேற்று இந்தக் குழி இல்லை, நேற்று இல்லை என்று யாரையோ திட்டினார். திரும்பி வந்து, ஒரு சந்து வழியாக ஒரு கயிற்று யார்டுக்குள் புகுந்து, கட்டுகளுக்கு நடுவே போய், அந்தப் பக்கம் வெளியே. வழி நெடுக ஒரு படி கிடையாது. கேட்டேன், இந்த வழி எப்படி என்று.

"லோடு போகுந்ந வழியல்லே. கைவண்டி உருட்டண்டே? லோடு போகுந்ந வழியில படி இல்லா சேச்சி."

லோடு. எங்கள் ஊரில் நாள் முழுக்கக் கேட்கிற வார்த்தை. அதை அங்கே, அந்தச் சந்தில் கேட்டதும் எங்கள் பிரஸ் ஞாபகம் வந்தது. பிரஸ்ஸில் நான் எந்த வழியாக உள்ளே போகிறேன்? முன்வாசல் வழியாக இல்லை. பேப்பர் பண்டல் ட்ராலி போகிற சரிவு வழியாக. இத்தனை வருடம் அதை ஒரு குறையாக நினைத்திருக்கிறேன்.

வண்டிப் பாலம் முதுகு வளைந்த பாலம். பாதியில் என் கை நின்றுவிட்டது. பாபுவின் கையும். லோடு இறக்கிவிட்டு வந்த நீலச் சட்டை ஆட்கள் இரண்டு பேர், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுக்கொரு வண்டியைப் பிடித்து உச்சிக்குத் தள்ளிவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமல் போய்விட்டார்கள். பாவம் என்று பார்க்கவில்லை, நன்றிக்கு நிற்கவில்லை. கட்டுகளைத் தள்ளுகிற மாதிரியே தள்ளினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சரிவு. கல் தேய்ந்து வழவழவென்று இருந்தது, கைவண்டிச் சக்கரங்கள் இழைத்த இரண்டு தடம். பாபு மேலேயே நின்றுகொண்டார், அவருடைய வண்டிக்கு பிரேக் நம்பிக்கை இல்லையாம். நான் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். உள்ளங்கை தீய்ந்தது. தண்ணீர் சக்கரத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்தினேன். குனிந்து கையை விட்டேன். வெதுவெதுப்பு. ஆகாயத்தாமரை வேர் விரலில் சுற்றியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மேலேயிருந்து பாபு கேட்டார், ஊரில் வேலைக்குப் போகிறேனா என்று. போகிறேன்.

"ஆரு கொண்டு விடும்?"

"அண்ணன்."

"அண்ணன் இல்லாத்த திவசம்?"

திவசம் என்றால் அங்கே நாள். நான் இன்னொரு தடவை தண்ணீரில் கையை விட்டேன். அவர் சீட்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஏறுவதற்குக் கிட்டங்கிக் காவலாளி ஒரு கை கொடுத்தார். பாபு வேன் தெரிகிற இடம் வரை கூட வந்தார். கடைசியில் ஒரு சீட்டு வாங்கினேன். ஜெயித்தால் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். "சேச்சி தன்னெ வரணும், தனியே." மணி அடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேனில் எல்லோரும் இருந்தார்கள். படகு எப்போதோ வந்துவிட்டிருக்கிறது. டிரைவர் தலை குனிந்து. அண்ணன் சட்டை முழுக்க வேர்வை, ரோடு ரோடாகத் தேடியிருக்கிறார்.

"எங்கன போன? ஏம்மா, எங்கன போன? தண்ணிக்காட்டு ஊரு. உசுரு போயிருச்சு எனக்கு."

"இங்கனதாண்ணே. பக்கத்துல."

"இதுக்குத்தேன் சொல்லுதேன் வீட்டுல இருன்னு."

 இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசி.

12 பிப்., ஞாயிறு

வெயில். கை இரண்டும் தூக்க முடியவில்லை, உள்ளங்கையில் கொப்புளம். மதினி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

கடற்கரை. மணலில் நாற்காலி இறங்காது. வேன், ஜன்னல், செருப்பு, பைகள். சீனியம்மாளக்கா போகும்போது, "இன்னைக்காவது இருப்பயா, இல்ல இந்தச் செருப்புகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருவயா?" என்றார். சிரித்தேன். நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தது. ஜன்னல் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

மதினி தண்ணீரில் நின்றுவிட்டு முதல் ஆளாகத் திரும்பி வந்தாள். ஈரச் சேலையைப் பிழிந்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து எம்புட்டு தூரம் போன?"

"கொஞ்ச தூரம்தான் மதினி."

"பொய் சொல்லாத. கையப் பாத்தாத் தெரியாதா."

கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"கூட ஆரு வந்தா?"

"ஒருத்தரும் இல்ல. பாதி வழிக்கு ஒரு லாட்டரிக்காரர்."

"லாட்டரிக்காரனா. ஒங்க அண்ணன்ட்டச் சொல்லிராத." முந்தியை இன்னொரு தடவை பிழிந்தாள். பிறகு மெதுவாக, "நல்லா இருந்துச்சா?"

தலையாட்டினேன். 

"நா ஒத்தையில சாத்தூர் கூடப் போனதில்ல புஷ்பம். காலு நல்லாத்தேன் இருக்கு" என்றாள்.

அப்புறம் எல்லோரும் வந்துவிட்டார்கள். மணல், சங்கு, சுண்டல், சத்தம். திரும்பும் வழியில் அண்ணன் முன்சீட்டில். ஒரு தடவை திரும்பி, "தண்ணி வேணுமா தாயி" என்றார். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முடிவு மாறவில்லை என்றும் அர்த்தம்.

13 பிப்., திங்கள்

பனி இல்லை. வறண்ட காற்று. வாசலில் காத்திருப்பு, ஐந்து படி. இன்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர், "நா தனியாப் பாத்துக்கிடுதேன், நீங்க விடுங்கண்ணே" என்றார். அண்ணன் விடவில்லை. தங்கச்சியைத் தூக்குவதில் அவருக்கு ஒரு கௌரவம். அதுதான் அவர் இடுப்பை உடைக்கிறது. நான் இந்த வீட்டில் இருக்கும்வரை தூக்குவார். தூக்க முடியாத அன்றைக்கு என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாமல் பூட்டிவிடுவார், அத்தனை பிரியத்தோடும்.

பிரஸ்ஸில் பிலிம் ஒட்டுகிற கணேசனிடம் கேட்டேன். 98 காலண்டர், கால்வாய்ப் படம். நெற்றியைச் சொறிந்தான்.

"தலகீழா ஒட்டிட்டனாக்கா?"

"எடம் வலம் மாத்தி."

"எட்டு வருசங் கழிச்சுக் கம்ப்ளைண்ட் குடுக்க ஆளு நீங்கதேன். காலண்டர் அடிக்கக் குடுத்த பார்ட்டியே ஒண்ணுஞ் சொல்லலயே." பிறகு, "நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீக?"

"போய்ப் பாத்தேன்."

"அங்கனயேவா?"

"அங்கனயேதான்."

அவன் என்னைப் பார்த்த பார்வை பிடித்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் போனேன். பேப்பர் கிட்டங்கியை ஒட்டி ஒரு அறை. முன்பு டிரெடில் மிஷின் இருந்தது. ஆப்செட் வந்தபின் மிஷினை விற்றுவிட்டார்கள். இப்போது காலி அட்டைப் பெட்டிகள் மட்டும். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. வாசலில் படி இல்லை. மிஷின் போகிற அறை, அதனால் சரிவு. ஜன்னல் ஒன்று, வேப்பமரத்தைப் பார்த்து. தண்ணீர்க் குழாய் உண்டு. கழிவறை பக்கத்திலேயே, தட்டையான தரை. கதவு அகலம்தான் சந்தேகம். பண்டல் கட்டுகிற நூலை எடுத்து நாற்காலியின் அகலத்துக்கு ஒரு முடிச்சு, கதவின் அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். கதவு முடிச்சு வெளியே இருந்தது. போதும்.

வாட்ச்மேனும் அவர் மனைவியும் அந்த வளாகத்திலேயே குடியிருக்கிறார்கள். ஆள் அரவம் உண்டு. சரிவு நேராக ரோட்டில் இறங்குகிறது. ரோடு தட்டை. பெட்டிக்கடை, மெடிக்கல், பஸ் நிறுத்தம், தபால் ஆபீஸ்.

பயமாகவும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் யார்? மழை வந்தால்? ஊர் என்ன சொல்லும், தங்கச்சியை வெளியே விட்டுட்டான் என்று அண்ணனைத்தானே பேசும்? அண்ணன் என் முகத்தில் முழிப்பாரா? மதினி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள் என்று தோன்றுகிறது. ஒத்தையில், ஆட்டோ பிடித்து.

வீட்டுக்கு வந்ததும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். எட்டு வருடத் தூசி. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இருந்தது. படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை என்னைப் பார்க்க வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தாளுக்குள்ளிருந்து மங்கலாகக் கால்வாய் வந்தது. கிட்டங்கி இடது கரையில். சரிவு இடது கரையில். வள்ளத்து ஆளுக்குச் சட்டைப் பை நெஞ்சுக்கு நேரே, இருக்க வேண்டிய இடத்தில்.

திரும்ப மாட்டவில்லை. சுருட்டி, இரண்டு முடிச்சு போட்ட அந்த நூலாலேயே கட்டி, டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

"செவுத்துல ஆணி மட்டும் இருக்கு, படத்த எங்க?" என்று அண்ணன் சாப்பிடும்போது கேட்டார்.

"ரொம்ப பழசுண்ணே. அழுக்கு."

"புதுசு ஒண்ணு மாட்டு. ஒங்க பிரஸ்ல இல்லாத படமா."

நாளைக்கு முதலாளி வந்ததும் அந்த அறையை வாடகைக்குக் கேட்கப் போகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் போய்விடுவேன். படத்தை அங்கே ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவேன், முகப்பு வெளியே பார்க்க.